மலையின் வயிற்றை அளப்போர்

மேகங்களின் உறைவிடம் என்பது மேகாலயம் என்னும் பெயரின் பொருள். ஆங்குப் பெய்யும் பெருமழை முழுதும் மலைச்சரிவில் ஓடிக் கழிவதில்லை. கரியமில வாயுவை ஏற்றுச் சிறிது புளிப்பேறிய நீர், சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் இறங்கி, கல்லைக் கரைத்து, மலையின் வயிற்றிலே நெடுங்குகைகளை அகழ்ந்துள்ளது. காசி மொழியினர் குகையைக் 'கிரெம்' என்பர். ஜெயந்தியா மலையிலுள்ள கிரெம் லியாத் பிரா 30 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளமுடையது.

இந்நீளம் எவ்வாறு தெரிந்தது? ஷில்லாங்கில் 1990இல் தோன்றிய மேகாலயா அட்வெஞ்சரர்ஸ் அசோசியேஷன் என்னும் சங்கத்தார், 1992 முதல் அயல்நாட்டுக் குகையாளரோடு கூடி, மழையற்ற மாதங்களிலே சேற்றில் தவழ்ந்தும் நீரில் நீந்தியும் குகைகளை அளந்து படம் வரைந்து வந்தனர்.

இருட்டுப் பொந்தை அளப்பதனால் ஆவதென்ன என்று வினவுவோர் உளர். சிமெண்டுக்காகக் கல்வெட்டுவோர்க்கு மலை வெறுங்கல்லே. படத்தில் ஏறாத குகையொன்று வெடிமருந்தால் தகர்ந்தால், தகர்ந்தது என்று சொல்லவும் ஆளிராது. கல்வெட்டிப் பிழைக்கும் குடிகள் உண்டென்பதும் மெய்யே. எங்கு வெட்டலாம், எங்கு வெட்டலாகாது என்று உரைப்பதற்கும் அப்படமே வேண்டும் அன்றோ?

சிரபுஞ்சிக்கு அருகே மவ்ம்லு என்றொரு குகை உண்டு. அதன் தரைமேல், சொட்டும் நீரால் மெல்ல மெல்ல எழுந்த சுண்ணத்தூண் ஒன்றை அறிஞர் ஆராய்ந்தனர். ஏறத்தாழ 4,200 ஆண்டுகட்கு முன் பருவமழை நலிந்த செய்தி அதன் அடுக்குகளில் பதிந்திருந்தது. அதனைச் சான்றாகக் கொண்டே, அன்று தொடங்கி இன்றுவரை நிகழும் புவியியற் காலப்பகுதிக்கு 2018இல் 'மேகாலயக் காலம்' எனப் பெயரிட்டனர். அத்தூணை எவனேனும் அழகுப்பொருளென்று பெயர்த்துச் சென்றிருப்பின், அச்சான்று அவன் வீட்டு அலமாரியிலே உறங்கியிருக்கும்!

ஆதலின் குகை காண விழையும் இளைஞன் கைவிளக்கொன்றை ஏந்தித் தனியே புகுதல் வீரமன்று. உள்ளூர்ச் சங்கத்தில் சேர்தலே முறை. தலைக்கவச விளக்கன்றி வேறு இரு விளக்குகளும் வேண்டும் என்பதையும், திரும்பும் நேரத்தை வெளியிலிருப்பவரிடம் கூறிச் செல்லவேண்டும் என்பதையும் அங்கே கற்பிப்பர். விரல்பட்ட இடத்தில் ஒட்டும் எண்ணெய்ப்பசை சுண்ணத்தூணின் வளர்ச்சியைக் கெடுக்கும் என்பதும், உறங்கும் வௌவாலை எழுப்பலாகாது என்பதும் அங்கே விளங்கும்.

புதியவனுக்கு முதலில் வாய்ப்பது எளிய பணியே. முழங்காலளவு நீரில் நின்று, அடுத்த அளவுப் புள்ளியை விளக்கொளியிற் சுட்டிக்காட்டி, பின்நிற்பவர் கருவியால் தொலைவையும் சாய்வையும் அளந்து எண்ணைக் கூவும்வரை அவன் அசையாதிருத்தல் வேண்டும்.