வெண்பா என்னும் விளையாட்டு

கைப்பொறி விளையாட்டைப் பற்றி எழுதுதல் தமிழ் ஆனர்ஸ் மாணவர்க்குத் தகுமோ எனச் சிலர் வினவக்கூடும். அவ்விளையாட்டின் பெயரே 'வெண்பா' எனின், அதனைப் பற்றி வாளாவிருத்தலே பிழையென்பது எம் கருத்து.

கனடா நாட்டு டொராண்டோ நகரத்து விசை கேம்ஸ் குழுவினர் இதனை இயற்றி, 2023ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் வெளியிட்டனர். கையிலேந்தி ஆடும் நிண்டெண்டோ சுவிட்சிலும் பிற பொறிகளிலும் இதனை ஆடலாம். 1980களிற் கனடாவிற் குடியேறிய வெண்பா, அவள் கணவன் பாவலன், மகன் கவின் ஆகிய மூவரின் வாழ்க்கையே கதை. இங்கே வாளுமில்லை, பகைவருமில்லை. தாய் தந்த சமையற் குறிப்பேடு ஒன்று உண்டு. அதன் ஏடுகள் சிதைந்துள்ளன. விடுபட்ட முறையை உய்த்துணர்ந்து சமைத்தலே ஆட்டம்.

இதன் முதற் சிறப்பு, அடுக்களையறிவை அறிவென்றே மதித்தல். இட்டிலித் தட்டுகளைக் குழிக்கு நேர் குழி வாராமல் மாற்றியடுக்க வேண்டும். இன்றேல் மாவு உப்புதற்கு இடமிராது. புட்டுக்குழலில் எதனை முன் இடுவது, எதனைப் பின் இடுவது என்பதற்கும் முறையுண்டு. நம் அன்னையர் நாடோறும் செய்வதும், நாம் ஒருநாளும் நின்று நோக்காததுமான நுட்பம் இஃது. விடுதியில் நண்பரொருவரின் பொறியில் இதனை ஆடிய யாம், முதல் இட்டிலியிலேயே தோற்று நாணினோம்.

இரண்டாவது சிறப்பு அதனினும் பெரிது. மகன் கவின் தாயின் குறிப்பேட்டைக் கையிலெடுக்கும்போது, தமிழெழுத்தே அவனுக்குத் தடையாகின்றது. கடல் கடந்து வாழும் எம் தமக்கையின் மகன் தொலைபேசியில் 'மாமா' என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடுவான், மற்றவை ஆங்கிலம். கவினைக் கண்டபோது யாம் அச்சிறுவனையே கண்டோம். மொழி ஒரே நாளில் மறைவதன்று; வீட்டில் ஒவ்வொரு சொல்லாக உதிர்வது என்பதை இவ்விளையாட்டுச் சொற்பொழிவின்றி உணர்த்துகின்றது.

சமைக்கும்போது ஒலிக்கும் தமிழ்ப் பாடல்கள், திரையிசையின் சாயலிற் புதிதாக இயற்றப்பெற்றவை. இசையரங்கிற் தமிழ்ப் பாடலுக்கு உரிய இடம் வேண்டி 1941ஆம் ஆண்டு தமிழிசை மாநாடு கூடியது இவ்வண்ணாமலை நகரிலன்றோ? அன்று அரங்கிற்கு வேண்டியதை, இன்று உள்ளங்கைப் பொறியிற் காண்கின்றோம்.

இனிக் குறைகளையும் மறையாது கூறுவோம். தளை தட்டினால் வெண்பா ஆகாது. இவ்விளையாட்டிலோ தளை எத்துணை முறை தட்டினும் தண்டனையில்லை. பிழைத்தால் மீண்டும் செய்யலாம். ஆதலின் வெற்றியின் சுவையும் மெலிகின்றது. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் ஆட்டம் முடிந்துவிடும். சுருக்கம் குறைவடிவு அன்று என்பார்க்குக் குறள் வெண்பாவே சான்றாகலாம். ஆயின் ஈரடியில் ஒரு கருத்து அடங்கும். மூவரது முழு வாழ்வு அடங்குமோ? இயலுக்கு இயல் ஆண்டுகள் பல தாவிச் செல்கின்றன. பாவலனை நாம் நன்கறியுமுன்னரே கதை அவனைக் கடந்துவிடுகின்றது.

2024ஆம் ஆண்டு பிரித்தானிய பாஃப்டா கழகம், புதியோர் படைத்த முதல் விளையாட்டிற்குரிய பரிசினை இதற்கு வழங்கிற்று. பரிசு பெற்றமையால் குறை நீங்கிவிடாது. குறையுண்மையால் பெருமையும் குன்றாது. இதற்கு இரண்டாம் பாகம் ஒன்று எழுமாயின், அது சமையலை மிகுவித்தலோடு அமையாது, பாவலனுக்கும் கவினுக்கும் இடையே பேசப்படாது நின்ற பேச்சுகளையும் நிரப்புதல் வேண்டும்.

அதுகாறும் யாம் வாளாவிருத்தல் தகாது. வரும் விடுமுறையில் எம் அன்னையாரருகே அமர்ந்து, அவர் சொல்லச் சொல்லச் சமையல் முறைகளைத் தமிழில் எழுதித் தமக்கையின் மகனுக்கு அனுப்பத் துணிந்துள்ளோம். அவன் எழுத்துக் கூட்டியேனும் படிக்கட்டும். நண்பர்காள், நும் இல்லத்துக் குறிப்பேடு சிதையுமுன் நீவிரும் எழுதுமின்!