விடுதி மாணாக்கரும் கிருமிச் சோதனையும்

கல்லூரிகள் புது வருஷத்திற்குத் திறக்கும் நாட்களில் நம் வெண்ணந்தூர் பஸ் நிறுத்தத்தில் நின்று பார்ப்பவர்க்கு இத்தாலுகாவின் எதிர்காலம் முழுவதும் பெட்டியும் படுக்கையுமாகப் பிரயாணப்படுவது தெரியும். தறி நெய்யும் வீட்டுப் பிள்ளைகளும், கிழங்கு போடும் குடியானவர் வீட்டுப் பெண்களும் இராசிபுரத்திற்கும் திருச்செங்கோட்டிற்கும் நாமக்கல்லுக்கும் சேலத்திற்கும் சென்று விடுதிகளில் தங்குகின்றனர். சனிக்கிழமை மாலை வீடு திரும்பித் திங்கட்கிழமை காலை மீண்டும் புறப்படுகின்றனர். ஓர் அறைக்கு நால்வர், ஒரு போஜனசாலைக்கு நூற்றுக்கணக்கானோர், வாரம் ஒரு முறை நூற்றுக்கணக்கான கிராமங்களோடு தொடர்பு: தொத்து வியாதி தனக்கென்று ஓர் இடத்தை அமைத்துக் கொள்ள விரும்பினால் இதனினும் சிறந்ததை அதனால் கோர முடியாது.

ஆகையால் விடுதி மாணாக்கரை அவர்கள் நோயுற்ற பிறகு அல்ல, நோயுறுவதற்கு முன்னரே முறை வைத்துச் சோதித்து வருவது என்ற விஷயத்தைப் பற்றி நமது அபிப்பிராயத்தைத் தெரிவிக்க விரும்புகிறோம். கோவிட் அவசர நிலை நீங்கியதாக உலக சுகாதார ஸ்தாபனம் 2023 மே 5-ஆம் தேதி அறிவித்துவிட்டது. இப்போது இப்பேச்சு எதற்கு என்று நேயர்களிற் சிலர் கேட்கலாம். வெள்ளம் வடிந்த பிறகுதான் கரையை உயர்த்த இயலும். வெள்ளத்தின் நடுவே மண் சுமப்பவன் கரையையும் கட்டான், தானும் பிழையான்.

நடந்ததை முதலிற் பார்ப்போம். 2020 டிசம்பர் 7-ஆம் தேதி தமிழ்நாட்டில் கல்லூரிகளின் கடைசி வருஷ மாணாக்கருக்கு வகுப்புகள் திறக்கப்பட்டன. அதே மாதத்தின் நடுவில் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் கோவிட் பரவியது வெளிப்பட்டது. அப்போது விடுதிகளில் இருந்தவர் மொத்த மாணாக்கரில் ஒரு சிறு பகுதியினரே. ஆயினும் ஒரே போஜனசாலை திறந்திருந்தது. அனைவரும் அங்கேயே உண்டனர். இரண்டு வாரங்களுக்குள் நூற்றெண்பதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தொற்று இருப்பது தெரிய வந்தது. மாணாக்கர் மட்டுமல்ல, பரிமாறிய சிப்பந்திகளும் அவர்களில் இருந்தனர். சோதனை செய்யப்பட்டது எப்போது? காய்ச்சல் கண்ட சிலர் தாமாகச் சென்று சோதித்துக் கொண்ட பிறகு. அதற்குள் கிருமி தன் பந்தியை முடித்துக்கொண்டு எழுந்துவிட்டது.

இரண்டாம் முறையும் அதே வளாகத்தில் 2022 ஏப்ரலில் நிகழ்ந்தது. 19-ஆம் தேதி ஒருவர். 23-ஆம் தேதிக்குள் 55 பேர். 26-ஆம் தேதி 111 பேர். மாநிலம் முழுவதும் தொற்று அநேகமாய் ஓய்ந்து, முகக்கவசத்தை ஜனங்கள் கழற்றி எறிந்திருந்த தருணம் அது. இதன் பின்னரே கவசம் அணியாதவர்க்கு 500 ரூபாய் அபராதம் என்ற பழைய விதியைச் சர்க்கார் மீண்டும் நினைவூட்டினர். நல்ல வேளையாக, தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தமையால் வியாதி கடுமையாக இல்லை. முதன்முறை தாமதம், இரண்டாம் முறை அதிருஷ்டம் என்று நாம் இவ்விரண்டையும் குறித்துக்கொள்கிறோம். அதிருஷ்டத்தைச் சுகாதாரக் கொள்கையாக எந்த நாடும் வைத்துக்கொள்ள முடியாது.

நாட்டின் தலைசிறந்த ஸ்தாபனம், பெயர் பெற்ற பண்டிதர்கள், சொந்த ஆஸ்பத்திரி, கூப்பிடு தூரத்தில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட், இத்தனையும் உள்ள இடத்தின் கதை இது. சேலம் ஜில்லாவிலும் நாமக்கல் ஜில்லாவிலும் உள்ள கல்லூரி விடுதிகளின் நிலையை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் 2020 ஆகஸ்டில் இரு வகையான பரீட்சைகள் நடந்தன. வட கரோலினா ராஜ்யத்தில் சாப்பல் ஹில் என்னும் ஊரிலுள்ள சர்வகலாசாலை, வந்திறங்கும் மாணாக்கரைச் சோதியாமலே ஆகஸ்டு 10-ஆம் தேதி வகுப்புகளைத் திறந்தது. ஒரே வாரத்தில், 17-ஆம் தேதி, வகுப்புகளைக் கம்பியில்லாத் திரைக்கு மாற்றுவதாக அறிவித்து மாணாக்கரை வீட்டிற்கு அனுப்பத் தொடங்கிற்று. அவ்வூருக்குச் சில மைல் தொலைவிலேயே உள்ள டியூக் சர்வகலாசாலை வேறு வழியை மேற்கொண்டது. ஆகஸ்டு தொடக்கத்திலிருந்து அக்டோபர் 11 வரை 10,265 மாணாக்கரிடம் 68,913 மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. அகப்பட்ட தொற்றுக்கள் 84. அவற்றிற் பாதிக்குச் சிறிது மேற்பட்டவற்றில் நோய்க்குறி ஒன்றுமே காணப்படவில்லை. இந்தக் கடைசிச் செய்திதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. காய்ச்சல் வந்தவனைத் தேடும் முறையில் இந்தப் பாதிப்பேர் ஒருநாளும் அகப்பட்டிருக்க மாட்டார்கள்; வகுப்பிலும் பந்தியிலும் சிரித்துப் பேசிக்கொண்டே இருந்திருப்பார்கள்.

செலவு தாங்காது என்பது நமது கல்லூரி முதலாளிகளின் முதல் ஆட்சேபமாக இருக்கும். டியூக் செய்தது என்னவென்றால், ஐந்து பேரின் மாதிரிகளை ஒன்றாகக் கலந்து ஒரே சோதனையாகச் செய்தது. கலவை சுத்தமென்றால் ஐவரும் சுத்தம்; இல்லையேல் ஐவரையும் தனித்தனியே சோதிப்பது. இது புதிய தந்திரமன்று. இரண்டாம் உலக யுத்தத்தில் படையிற் சேர்ந்தோருக்கு மேகநோய் உண்டா என்று சோதிப்பதற்காக ராபர்ட் டார்ஃப்மன் என்பவர் 1943-லேயே வகுத்தது. நம் நாட்டிலும் இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சில் 2020 ஏப்ரலில் ஐந்து மாதிரிகள் வரை கலக்க அனுமதி தந்தது. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 500 பேர் உள்ள விடுதியில் நூற்றுக்கு ஒருவருக்குத் தொற்று இருப்பதாக வைத்துக்கொண்டால், முதலில் 100 கலவைகள். தொற்றுள்ள ஐவரும் ஐந்து வேறு கலவைகளில் இருந்தாலும் இன்னும் 25. ஆக 125 சோதனைகள். 2021-இல் தனியார் சோதனைச்சாலைகளுக்குச் சர்க்கார் விதித்த உச்ச விலையான 900 ரூபாயை அளவாகக் கொண்டால், தனித்தனியே சோதிக்க 4,50,000 ரூபாய். கலந்து சோதித்தால் 1,12,500 ரூபாய். கல்லூரி ஆண்டு விழாவுக்கு சினிமா நட்சத்திரத்தை வரவழைப்பவர்கள் இத்தொகையைக் கேட்டு மூர்ச்சை போட வேண்டியதில்லை.

இதனினும் எளிய வழியும் ஒன்று உண்டு. அருவருப்பாகத் தோன்றினாலும் கூறிவிடுகிறோம். அரிசோனா சர்வகலாசாலையார் 2020 ஆகஸ்டில் தங்கள் விடுதிகளின் சாக்கடை நீரைச் சோதித்து வந்தனர். ஒரு விடுதியின் நீரில் கிருமியின் தடயம் தென்பட்டது. உடனே அங்கிருந்த 311 பேரையும் சோதித்தனர். நோய்க்குறி ஏதுமற்ற இருவருக்குத் தொற்று இருந்தது. அவ்விருவரையும் தனியே வைத்ததோடு காரியம் முடிந்தது. ஒரு குழாய் நீரைச் சோதிப்பதற்கு மாணாக்கர் எவரும் மூக்கை நீட்ட வேண்டுவதில்லை. எவருடைய பெயரும் ஏட்டில் ஏறுவதில்லை. அடையாளம் கண்ட விடுதியில் மட்டும் ஆட்களைச் சோதித்தாற் போதும். நம் ஊர்ப்பக்கக் கல்லூரிகளுக்கு, எங்கும் எல்லோரையும் சோதிப்பதைவிட இதுவே ஏற்ற தொடக்கம் என்பது நமது எண்ணம்.

நாமக்கல் பிரதேசத்தார்க்குக் கிருமிக் கண்காணிப்பு புதிதன்று என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். நாளொன்றுக்குக் கோடிக்கணக்கான முட்டைகளை இறக்கும் நம் பண்ணைகளில் கோழியின் இரத்தமும் எச்சமும் சோதிக்கப்படுகின்றன. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்து நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் முதன்முதலாக இந்நாட்டிற் தலைகாட்டியது. அதுமுதல், கேரளத்தில் வாத்துக்கள் செத்து விழுந்ததாகச் செய்தி வந்தாலே இங்கே பண்ணை வாசலில் வண்டிச் சக்கரங்களுக்கு மருந்து தெளிக்கிறார்கள். கால்நடை டாக்டர்கள் மாதிரிகளோடு ஓடுகிறார்கள். சந்தேகமானவை போபால் நகரத்து உயர் பாதுகாப்புச் சோதனைச்சாலைக்குப் போகின்றன. 1985-இல் நாமக்கல்லில் ஸ்தாபிதமான கால்நடை மருத்துவக் கல்லூரியின் பண்டிதர்கள் இத்துறையில் வல்லவர்கள். கோழி இருமுவதற்கு முன் அதைச் சோதிக்கும் ஜில்லாவில், அக்கோழிப் பண்ணைக்காரரின் பிள்ளையை அவன் இருமிய பிறகும் சோதிப்பாரில்லை. கோழியின் மேல் முதல் போட்டிருக்கிறோம் என்பதுதான் காரணமென்றால், பிள்ளையின் படிப்புக்கு நிலத்தை அடகு வைத்த தகப்பனைக் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் கோழிக்கும் மாணாக்கனுக்கும் வித்தியாசம் ஒன்றுண்டு. கோழியைப் பிடித்துச் சோதித்து, வேண்டாவிடில் கொன்று புதைத்துவிடலாம். அது வழக்குப் போடாது. மாணாக்கனுக்கோ மானமும் உரிமையும் உண்டு. சட்டம் பயின்றவர்களாகிய நாம் இதைச் சற்று விரிவாகச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

தொத்து வியாதிகளுக்காக நம் கையிலிருந்த முதற் கருவி, 1897 பிப்ரவரியில் அந்நிய சர்க்கார் இயற்றிய கொள்ளைநோய்ச் சட்டம். நான்கே பிரிவுகள் கொண்டது. உத்தரவு போட அதிகாரம், மீறினால் தண்டனை, உத்தியோகஸ்தர் மேல் வழக்குத் தொடராமல் பாதுகாப்பு. ஜனங்களுக்குரிய உரிமை என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. அவ்வருஷம் புனா நகரத்தில் பிளேக் தடுப்பு என்ற பெயரால் பட்டாளத்துச் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்தனர். ஸ்திரீகளின் மானமும் பூஜையறையின் தூய்மையும் அவர்களுக்குப் பொருட்டாகவில்லை. விளைவு, ஜூன் 22-ஆம் தேதி பிளேக் அதிகாரி ராண்டு சுடப்பட்டார். அதையொட்டிய கொந்தளிப்பில் திலகர் பெருமான் ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டுச் சிறை புகுந்தார். இவற்றிற்கிடையில் பிளேக் ஒழிந்ததா? இல்லை. சோதிக்க வருபவனைக் கண்டு நோயாளியை ஒளித்து வைக்கும் வழக்கந்தான் மிஞ்சியது.

நூற்றிருபத்து மூன்று வருஷங்கள் சென்று அதே சட்டமே கோவிட்டுக்கும் தூசி தட்டி எடுக்கப்பட்டது. 2020-இல் சென்னையில் நோய் கண்ட வீடுகளின் வாசலில் தகரம் அடித்தனர், சீட்டு ஒட்டினர். அவ்வருஷம் டிசம்பர் 9-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு, உரிய அதிகாரியின் தனி உத்தரவின்றி இவ்வாறு சீட்டு ஒட்டலாகாது என்று தீர்ப்பளித்தது. அதற்குள் தீங்கு நடந்துவிட்டது. தகரத்துக்கு அஞ்சிக் காய்ச்சலை மறைத்தவர்கள் நம் பக்கத்திலும் இருந்தனர். நமது முன்னோர், அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகினர். அதுவும் அடையாளந்தான், ஆயினும் அது வீட்டாரை இழிவுபடுத்தவில்லை. தாய் வந்திருக்கிறாள் என்று அயலார் விலகி நின்றனர். வேண்டியதைத் திண்ணையில் வைத்துச் சென்றனர். வேப்பிலைக்கும் தகரத்துக்கும் உள்ள இந்த வேற்றுமையை அறியாத அதிகாரி எத்தனை நுட்பமான சோதனை கொண்டு வந்தாலும் மாணாக்கர் ஜன்னல் வழியே குதித்து ஓடுவர்.

2022 மே 2-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு மற்றொரு வழக்கில், தன் உடலின் மீது ஒருவனுக்குள்ள உரிமை அரசியல் சட்டத்தால் காக்கப்பட்டதென்றும், எவரையும் பலவந்தமாகத் தடுப்பூசி போடச் செய்யலாகாதென்றும் கூறியது. அதே தீர்ப்பு, பொது ஆரோக்கியத்திற்காகச் சர்க்கார் நியாயமான கட்டுப்பாடுகளை விதிக்கலாம் என்பதையும் மறுக்கவில்லை. ஊசிக்குச் சொன்னது அப்படியே சோதனைக்கும் பொருந்தும் என்று நாம் வாதிடவில்லை. மூக்கில் ஒரு குச்சி நுழைவதும் உடலில் மருந்து ஏறுவதும் ஒன்றல்ல. ஆனால் விடுதிக் கட்டணம் வாங்கியதாலேயே மாணாக்கரின் உடலும் தமக்குச் சொந்தமாகிவிட்டதென நினைக்கும் நிர்வாகிகள் அத்தீர்ப்பை ஒரு முறையாவது படிக்க வேண்டும். சோதனை முடிவு டாக்டருக்கும் மாணாக்கருக்கும் மட்டுமே உரியது. அறிவிப்புப் பலகைக்கோ, வகுப்புக் கைப்பேசிக் குழுவுக்கோ உரியதன்று.

இதன் மறுபக்கத்தையும் மறைக்க விரும்பவில்லை. இல்லினாய் சர்வகலாசாலையில் 2020-இல் உமிழ்நீரைக் கொண்டு ஒவ்வொருவரையும் வாரம் இரு முறை சோதித்தனர், சோதனைச்சாலையும் சொந்தம். அப்படியிருந்தும் செப்டம்பர் தொடக்கத்தில் தொற்று எகிறியது. தமக்குத் தொற்று உண்டென்று அறிந்த பிறகும் சிலர் விருந்துக்கூட்டங்களுக்குப் போனதே காரணம். கணித பண்டிதர்கள் மாணாக்கர் விருந்துக்குப் போவார்கள் என்று கணக்கிட்டிருந்தார்கள். தொற்றோடு போவார்கள் என்று கணக்கிடவில்லை! கட்டுப்பாடுகளை இறுக்கிய பிறகே அது தணிந்தது. உரிமை பேசும் நம் இளைஞர் இதையும் மனத்திற் கொள்ள வேண்டும். சனிக்கிழமை பஸ்ஸில் ஏறும் மாணாக்கன் தன் வீட்டுத் தறிக்குழியில் உட்கார்ந்திருக்கும் பாட்டனாரிடம் போகிறான்; அவருக்கு உரிமை வழக்குப் போட அவகாசம் இராது.

சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக் கல்லூரிகள் பலவற்றை இணைத்துக் கொண்டுள்ள சேலம் பெரியார் சர்வகலாசாலையார் இதில் முந்திக்கொள்ள வேண்டும். சேலத்திலும் நாமக்கல்லிலும் சர்க்கார் வைத்தியக் கல்லூரிகள் இருக்கின்றன. கிருமியின் மரபணு வரிசையைப் படிக்கும் கூடத்தை மாநில சர்க்கார் 2021 செப்டம்பரிலேயே சென்னையில் திறந்துவிட்டனர். ஆட்களும் அறிவும் இருக்கையில் ஏற்பாடு ஒன்றே தேவை. ஒரு விடுதியின் சாக்கடை நீரில் தொடங்கட்டும்; கோவிட்டை மட்டுமின்றி இன்புளூயன்சாவையும் கூடவே பார்க்கட்டும்.

எந்த விடுதியில் தொடங்கினாலும் அங்குள்ள சமையற்காரரையும் பரிமாறுபவரையும் துப்புரவாளரையும் விட்டுவிடக் கூடாது. 2020-இல் கிருமி அவர்களை விட்டுவிடவில்லை. அவர்களிற் பெரும்பாலோர் ஒப்பந்தக்காரரிடம் நாட்கூலிக்கு இருப்பவர்கள். தொற்று உண்டென்றால் பத்து நாள் கூலி போய்விடும் என்று தெரிந்தவன் சோதனை நாளில் வேலைக்கே வரமாட்டான். ஆகவே நிர்வாகிகள் முதலில் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் விடை தரட்டும்: தொற்றுக் கண்ட மாணாக்கர் தங்குவதற்குத் தனி அறை எது, அவருடைய வருகைப் பதிவு என்னவாகும், தொற்றுக் கண்ட தொழிலாளியின் கூலியை யார் கொடுப்பார். இவ்விடைகள் போஜனசாலைச் சுவரில் தமிழில் ஒட்டப்பட்ட அன்றே சோதனையைத் தொடங்கலாம்.