சூத்திரத்திற்கு முன் ஒரு கேள்வி

நிகழ்தகவுக் கணக்கு என்றதும் ஈருறுப்புப் பரவலின் சூத்திரத்தை எழுதி, எண்களை இட்டு விடை காண்பதே நம் வழக்கம். நானும் அப்படித்தான் செய்து வந்தேன். ஆனால் அச்சூத்திரம் இங்கே பொருந்துமா என்று நாம் கேட்பதுண்டா?

முயற்சிகள் ஒன்றையொன்று சாராதிருக்க வேண்டும். வெற்றியின் நிகழ்தகவும் மாறாதிருக்க வேண்டும். 10 பந்துகளில் 4 சிவப்பு. இரண்டு பந்துகளை எடுத்தால் இரண்டும் சிவப்பாக இருக்கும் நிகழ்தகவு 0.16 என்கிறது சூத்திரம். முதற்பந்தைத் திரும்பப் போடாவிட்டால் உண்மை விடை 2/15 தான்.

பகடையையும் கண்ணை மூடி நம்பலாகாது. 12 பகடைகளை 26,306 முறை உருட்டிய முடிவுகளை 1894-இல் ஆங்கில அறிஞர் வெல்டன் தொகுத்தார். 5 அல்லது 6 விழும் நிகழ்தகவு 1/3 என நாம் எழுதிவிடுவோம். கிடைத்ததோ 0.3377! இவ்வேறுபாடு தற்செயலானதன்று, பகடைகளே சீரானவையல்ல என்று 1900-இல் கார்ல் பியர்சன் காட்டினார்.

சூத்திரம் பொய் சொல்வதில்லை. நாம்தான் கேள்வியைத் தவறாகக் கேட்கிறோம். எனவே, நிபந்தனைகளைச் சரிபார்த்து எழுதுவதற்கும் தேர்வில் ஒரு மதிப்பெண் ஒதுக்க வேண்டும் என்பது ஆசிரியப் பெருமக்களுக்கு என் பணிவான வேண்டுகோள்.