பழைய வெர்ஷனில் ஓடும் சட்டம்

"ஒரே கோடை இரண்டு தடவை எழுதாதே." நம் தொழிலில் இது வேதவாக்கு. பத்து சர்வீஸ்கள் ஒரே வேலையைச் செய்கின்றனவா, பிடுங்கிப் பொது லைப்ரரியில் போடு. தேதியை அழகாகக் காட்டும் கோடுக்கு இது சரி. யார் எதைப் பார்க்கலாம் என்று தீர்மானிக்கும் கோடையும் அப்படியே லைப்ரரிக்குள் தள்ளுகிறோமே, அதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

லைப்ரரிக்கு வெர்ஷன் உண்டு. விதியைத் திருத்திப் புது வெர்ஷன் விட்டால் எல்லா சர்வீஸும் மறுநாளே மாறிவிடாது. பில்லிங் டீம் "அடுத்த ஸ்பிரிண்ட்ல பாத்துக்கலாம்" என்பார்கள். ரிப்போர்ட் சர்வீஸை எழுதியவர் வேலையை விட்டே போயிருப்பார். அதைத் தொட யாருக்கும் தைரியம் வராது. ஒரே நிறுவனத்துக்குள் ஒரே நாளில் நாலு சட்டம் அமலில் இருக்கும். 2021 டிசம்பரில் லாக்4ஜே ஓட்டை அம்பலமானபோது திருத்திய வெர்ஷன் உடனே வந்துவிட்டது. பழையது எந்த மூலையில் ஓடுகிறது என்று தேடித்தான் ஊர் உலகமே அல்லாடியது.

போதாததற்கு, இந்த லைப்ரரிகள் அனுமதிப் பட்டியலை ஒவ்வொரு சர்வீஸிலும் தனித்தனியாக கேஷ் செய்துகொள்ளும். ஒரு பெண், பிரிந்துபோன கணவனைக் குடும்ப ஆல்பத்திலிருந்து நீக்குகிறாள். பிறகு குழந்தையின் புதுப் பள்ளிப் படத்தை ஏற்றுகிறாள். ஆல்பம் சர்வீஸ் அவனை மறந்துவிட்டது, தேடல் சர்வீஸ் மறக்கவில்லை. சீருடையோடு படம் அவனிடம் போய்விடும். பழைய அனுமதியைப் புதுப் பொருளுக்குப் பொருத்தும் இந்தப் பிழைக்கு, கூகுள் தன் சான்சிபார் அமைப்பைப் பற்றி 2019இல் வெளியிட்ட கட்டுரை 'புதிய எதிரி' என்றே பெயர் சொல்கிறது.

"முடிவை ஒரே சர்வீஸிடம் விட்டால், அது படுத்தால் எல்லாமே படுத்துடுமே?" நியாயமான பயம்தான். சான்சிபார் 100க்கு 95 கேள்விகளுக்கு 10 மில்லி செகண்டுக்குள் பதில் சொன்னதாகவும், மூன்று வருடம் 99.999 சதவீதத்துக்கு மேல் விழாமல் நின்றதாகவும் அதே கட்டுரை சொல்கிறது. நம்மிடம் கூகுளின் டேட்டா சென்டர்கள் இல்லை, சரி. கூகுளின் கூட்டமும் இல்லையே!

லைப்ரரியே வேண்டாம் என்று சொல்லவில்லை. டோக்கனின் கையெழுத்தைச் சரிபார்க்கட்டும், கேள்வியை அனுப்பட்டும், பதில் வராவிட்டால் கதவைச் சாத்தட்டும். 'மேனேஜர் என்றால் உள்ளே விடு' என்ற வரி மட்டும் அதில் இருக்கக் கூடாது. அடுத்த ரிவ்யூவில் அப்படி ஒரு வரி வந்தால், அப்ரூவ் பட்டனை அழுத்தாதீர்கள்.