யாருடையது என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள்

தொடக்க வகுப்புகளுக்கு ஆங்கிலப் பயிற்சிநூல் எழுதுகிறவர்களுக்கு,

ஆம்பூரில் மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறவள் நான். பள்ளியில் வாங்கச் சொன்ன உங்கள் நூலில் ‘மை, யுவர், ஹிஸ், ஹர், அவர், தெயர்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. பக்கத்தில் ‘மைன், யுவர்ஸ்’ என்று இன்னொரு கட்டம். கீழே நிரப்புவதற்குக் கோடிட்ட இடங்கள், கடைசிப் பக்கத்தில் விடைகள். உடைமைச் சொற்களுக்கு நீங்கள் ஒதுக்கிய பாடம் அவ்வளவுதான். அதனால் என் பிள்ளைகள் படும் பாட்டைச் சொல்லத்தான் இந்த மடல்.

2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவுகள் பரவின. தனியார் பள்ளிகளோ இங்கே தெருவுக்குத் தெரு இருக்கின்றன. வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என்று இந்தத் தோல் தொழில் ஊர்களில் எந்த வகுப்பறைக்குள் போனாலும் வீட்டில் தமிழ் பேசும் பிள்ளையும் உருது பேசும் பிள்ளையும் ஒரே பெஞ்சில் இருப்பார்கள், இடையில் தெலுங்கு பேசும் பிள்ளையும் இருக்கும். அம்மா ஷூ கம்பெனிக்குப் போய்விட்டுப் பொழுது சாய்ந்து வருவார், அல்லது வீட்டிலேயே உட்கார்ந்து ஜோடிக்கு இவ்வளவு என்று ஷூவின் மேல்பாகமான ‘அப்பர்’ தைப்பார். நோட்டில் சிவப்பு மையில் பெருக்கல் குறி விழுந்தால், அது ஏன் விழுந்தது என்று வீட்டில் எடுத்துச் சொல்ல ஆளில்லை.

அந்தப் பெருக்கல் குறி எங்கே விழுகிறது என்று பாருங்கள். தமிழ்ப் பிள்ளை ‘எங்க அம்மா’ என்றுதான் பேசும். வீட்டுக்கு ஒரே பிள்ளையானாலும் ‘எங்க அம்மா’தான். அதை அப்படியே ‘அவர் மதர்’ என்று எழுதினால் உங்கள் விடைப்பக்கம் தப்பு என்கிறது. (இந்த ஆங்கில ‘அவர்’ காதில் நம் ‘அவர்’ போலவே விழுவது தனித் தொல்லை.) ஆசிரியையின் பை எங்கள் ஊரில் ‘அவங்க பை’. மரியாதைக்கும் பன்மைக்கும் நமக்கு ஒரே சொல். ஆகவே பிள்ளை ‘தெயர் பேக்’ என்று எழுதுகிறது. ஆசிரியைக்கு மரியாதை கொடுத்த பிள்ளைக்குப் பூஜ்யம். இன்னொன்றும் உண்டு. தமிழில் ‘கை கழுவினேன், பல் தேய்த்தேன்’ என்றால் போதும், யாருடைய கை என்று ஒருவரும் கேட்பதில்லை. ஆங்கிலம் அங்கே ‘மை’ போட்டே ஆக வேண்டும் என்கிறது. உங்கள் நூல் இதை ஓர் இடத்திலும் சொல்லவில்லை.

உருது பேசும் பிள்ளையின் சிக்கல் முற்றிலும் வேறு. அந்த மொழியில் உடைமைச் சொல் உடைமைக்காரரின் பாலைப் பார்த்து மாறுவதில்லை, உடைமைப் பொருளின் பாலைப் பார்த்து மாறுகிறது. பேனா ஆண்பால் என்பதால் ‘மேரா கலம்’, புத்தகம் பெண்பால் என்பதால் ‘மேரி கிதாப்’. பையனின் தங்கையும் ‘உஸ்கி பெஹன்’, பெண்ணின் தங்கையும் ‘உஸ்கி பெஹன்’. இந்தப் பழக்கத்தில் வரும் பிள்ளை பையனின் தங்கையை ‘ஹர் சிஸ்டர்’ என்றும், பெண்ணின் அண்ணனை ‘ஹிஸ் பிரதர்’ என்றும் எழுதுகிறது. வீட்டுமொழியின் இலக்கணத்தை அவ்வளவு கச்சிதமாகக் கடைப்பிடித்த பிள்ளையைத்தான் ‘கவனக்குறைவு’ என்று நம் ரிப்போர்ட் கார்டு திட்டுகிறது. தமிழ்ப் பிள்ளை இந்தத் தப்பை அநேகமாகச் செய்யாது. ‘அவன், அவள்’ அதற்குப் பழகிய பிரிவு. ஒரே கோடிட்ட இடத்தில் இரு பிள்ளைகள் இரு வேறு காரணங்களால் சறுக்குகிறார்கள், இருவருக்கும் நீங்கள் கொடுக்கும் மருந்தோ அதே கட்டத்தைப் பத்து முறை எழுதுவது.

இது உலகத்தில் யாரும் காணாத சிக்கலும் இல்லை. வீட்டுமொழியையும் கற்கும் மொழியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லி மொழியியலாளர் ராபர்ட் லாடோ 1957இல் நூலே எழுதினார். பிள்ளையின் பிழை அது கற்கும் வழியைக் காட்டும் சான்று என்று இன்னொரு மொழியியலாளர் பிட் கார்டர் 1967இல் எழுதினார். கனடாவின் கியூபெக்கில் பிரெஞ்சு பேசும் பிள்ளைகளும் இதே ‘ஹிஸ், ஹர்’ குழப்பத்தில்தான் இருந்தார்கள், அவர்கள் மொழியிலும் உடைமைச் சொல் பொருளின் பாலைப் பார்த்தே மாறும். ஜோவன்னா வைட் என்ற ஆய்வாளர் அந்த ஒரு குழப்பத்துக்காகவே வகுப்புகளில் பாடம் அமைத்துப் பார்த்தார். பிள்ளைகளுக்குத் தந்த உபாயம் எளிது: சொல்லை எழுதுமுன் ‘யாருடையது?’ என்று கேட்டுக்கொள், உரியவர் பையனா பெண்ணா என்று பார்.

எங்கள் வகுப்பில் அதற்குக் காசு செலவில்லை. வாசலில் கழற்றிப்போட்ட செருப்புகளை ஒரு குவியலாக நடுவில் வைத்தால் போதும். ஒன்றைத் தூக்கி ‘யாருடையது?’ என்று கேட்டால் ‘மைன்’ என்று ஓடி வருவார்கள், பக்கத்துப் பிள்ளையைக் காட்டி ‘ஹர்ஸ்’ என்பார்கள். ‘மை’ எங்கே, ‘மைன்’ எங்கே என்பது அன்றைக்கே விளங்கிவிடும்.

தமிழ்நாட்டு அரசு 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரிக்கிறது. பிள்ளை எந்த நிலையில் நிற்கிறது என்று கேட்கிற மாநிலத்தில், எந்த மொழியிலிருந்து வருகிறது என்றும் பாடநூல் கேட்க வேண்டும்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. விடைப்பக்கத்தின் ஓரத்தில் ஆசிரியருக்கு ஒரு குறிப்பு எழுதுங்கள்: இந்தத் தப்பு தமிழ்ப் பிள்ளைக்கு ஏன் வரும், உருதுப் பிள்ளைக்கு ஏன் வரும் என்று. ‘மை கார், மை ஸ்விம்மிங் பூல்’ என்ற வாக்கியங்களை எடுத்துவிட்டு எங்கள் பிள்ளைகள் கையில் இருப்பதை வைத்து வாக்கியம் அமையுங்கள். அடுத்த பதிப்பு அச்சுக்குப் போகும் முன் இந்த ஊர்களின் ஆசிரியர்களைக் கூப்பிட்டு ஒரு நாள் பேசுங்கள். பிள்ளைகளின் பழைய நோட்டுகளோடு நாங்கள் வருகிறோம்.