இலை ஈட்டிய செல்வம்

உதிர்ந்த இலையை மக்கள் குப்பை என்பர். அதனைக் கூட்டிக் குவித்து எரித்துவிட்டு, முற்றம் தூய்மையாயிற்று என்று மகிழ்வர். சருகின் வரலாற்றை அறிந்தவர் அங்ஙனம் செய்யத் துணியார்.

பிரசல்ஸ் நகரில் பிறந்த வான் ஹெல்மான்ட் என்னும் அறிஞர், ஒரு தொட்டியில் 200 பவுண்டு உலர்ந்த மண்ணை இட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை அதில் நட்டார். ஐந்து ஆண்டுகள் நீர் மட்டுமே வார்த்தார். கன்று ஏறத்தாழ 169 பவுண்டு எடையுள்ள மரமாயிற்று. மண்ணோ இரண்டு அவுன்சு அளவே குறைந்திருந்தது. மரம் முழுதும் நீரால் ஆயது என்று அவர் முடிவு செய்தார். அவர் மறைந்தபின், 1648ஆம் ஆண்டு இச்சோதனை நூலில் வெளிவந்தது. அம்முடிவில் ஒரு பகுதியே உண்மை. மறுபகுதி காற்றிலும் கதிரொளியிலும் மறைந்து கிடந்தது. செடியின் பச்சைப் பகுதிகள் ஒளியில்தான் பிராணவாயுவை வெளிவிடுகின்றன என்பதை இங்கன்ஹௌஸ் என்பார் 1779இல் வெளியிட்டார்.

இலையிலுள்ள பச்சையம் ஒளியைப் பற்றுகிறது. அவ்வாற்றலைக் கொண்டு இலையானது, வேர் உறிஞ்சிய நீரையும் காற்றிலுள்ள கரியமிலவாயுவையும் சர்க்கரையாக ஆக்குகிறது. அச்சர்க்கரையே மாவாகவும் நாராகவும் மரமாகவும் மாறுகிறது. வயலில் விழும் ஒளியாற்றலில் பொதுவாக நூற்றில் ஒன்றிரண்டு பங்கே பயிரில் தங்கும். பயிரைத் தின்னும் வெட்டுக்கிளி, அதனைப் பிடிக்கும் தவளை, தவளையை விழுங்கும் பாம்பு என ஒவ்வொரு படியிலும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே அடுத்த படியைச் சேரும். நிலத்தில் ஈட்டுவது பசுமை ஒன்றே. ஏனையவை செலவு செய்வன.

சருகிலும் அவ்வாற்றல் உறங்குகிறது. மண்புழுவும் காளானும் நுண்ணுயிர்களும் அதனை உண்டு வாழ்ந்து, மண்ணைப் பண்படுத்துகின்றன. காட்டிற்கு எருவிடுவார் யார்? உதிர்ந்த இலையே அங்கு எரு. முற்றும் மட்காமல் புதையுண்ட பண்டைத் தாவரங்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளில் பழுப்பு நிலக்கரியானதை நெய்வேலிச் சுரங்கம் காட்டுகிறது.

கரும்பு வெட்டியபின் வயலில் கிடக்கும் சோகைக்குத் தீ வைப்பது பல ஊர்களில் வழக்கம். பல திங்கள் இலைகள் ஈட்டியது ஒரே மாலையில் புகையாகிறது. வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை, கட்டைக்கரும்பு விரைந்து தழைக்க வேண்டும் என்று உழவர் கூறுவதைப் புறக்கணித்தல் ஆகாது; சோகையை ஒதுக்கும் உழைப்பு பெரிதே. எனினும் அதனைப் பார்களின் இடையே பரப்பினால் களை அடங்கும், ஈரம் நிற்கும், நாளடைவில் மட்கி உரமாகும். எரித்தால் சாம்பலே எஞ்சும். தழைச்சத்தின் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். ஓராண்டு உழைப்பு மிச்சமாவதை எண்ணிப் பல்லாண்டு மண்வளத்தை இழத்தல் நல்ல கணக்கன்று.

பள்ளித் தோட்டத்தின் மூலையில் ஒரு குழி தோண்டிச் சருகை இட்டு, நீர் தெளித்து வரும் மாணவர், சில திங்களில் கரிய மணமுள்ள எருவைக் காண்பர். குப்பை என்று இகழப்பட்டது செல்வமே என்பதை அவர்தம் கைகளே அறிந்துகொள்ளும்.