முதலில் குழாயைத் திறங்கள்

பள்ளிக்கூடங்களில் பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலை ஒழிக்க வேண்டும் என்கிறார்கள். உறுதிமொழி எடுக்கிறார்கள், ஓவியப் போட்டி வைக்கிறார்கள், வாசலில் ‘பிளாஸ்டிக் இல்லா வளாகம்’ என்று போர்டு மாட்டுகிறார்கள். ஒழிக்க வேண்டியதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் பிள்ளை கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்கிய பிறகு அந்தப் பிள்ளை எந்தக் குழாயில், யாரோடு சேர்ந்து தண்ணி குடிக்கும் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் பேச்சு சுற்றுச்சூழலிலிருந்து சாதிக்கு வந்துவிடும் என்ற பயம்.

காலை எட்டரைக்குப் போளூர் பஸ் ஸ்டாண்டில் நின்று பாருங்கள். சுற்றுக் கிராமங்களிலிருந்து உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் வந்து இறங்குகிறார்கள். புத்தகப் பையின் பக்கவாட்டில் செருகியிருப்பதைக் கவனியுங்கள். ஒரு பிள்ளையிடம் சூடு தாங்கும் எவர்சில்வர் பாட்டில். இன்னொரு பிள்ளையிடம் கடையில் வாங்கிய கலர் பிளாஸ்டிக் பாட்டில். மூன்றாவது பிள்ளையிடம் லேபிள் கிழிந்து, இடுப்பு நசுங்கிப்போன ஒரு லிட்டர் பாட்டில். கல்யாண மண்டபத்தில் எச்சில் இலை எடுக்கப்போன அம்மாவோ, சித்தாள் வேலைக்குப் போன அக்காவோ கொண்டுவந்தது. குடித்து முடித்ததும் நசுக்கிவிடு என்று கம்பெனிக்காரன் அச்சடித்து வைத்த பாட்டிலை இந்தப் பிள்ளை அரைப் பரீட்சை வரைக்கும் வைத்துக்கொள்கிறது. ‘ஒருமுறைப் பயன்பாடு’ என்ற சொல்லெல்லாம் சேரிக்குள் வந்ததே இல்லை.

நாளைக்கே தடை என்று சுற்றறிக்கை வந்தால் வாசலில் முதலில் மாட்டுவது இந்த மூன்றாவது பிள்ளைதான். எவர்சில்வர் பாட்டில்காரனை யார் நிறுத்தப் போகிறார்கள்?

அதற்காக அந்த பாட்டில் நல்லது என்று நான் சொல்லவில்லை. அதில் இருப்பது பெட் என்கிற பிளாஸ்டிக். பட்டுக்குப் பேர்போன ஆரணிச் சீமையில் இருக்கிற நமக்கு இதைச் சொன்னால் புரியும்: பாலியெஸ்டர் சேலை நூலும் இந்த பாட்டிலும் ஒரே பொருள். பட்டு மக்கும், இது மக்காது. 2024 ஜனவரியில் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கடையில் விற்கும் பாட்டில் தண்ணியைச் சோதித்து, லிட்டருக்குச் சராசரியாக 2,40,000 பிளாஸ்டிக் நுண்துகள்கள் இருப்பதாகச் சொன்னார்கள். வெயிலில் காய்ந்து, நசுங்கி, மாசக்கணக்கில் புழங்கும் பாட்டிலின் கதி என்ன என்று யோசித்துக்கொள்ளலாம். கடைசியில் அது குப்பைமேட்டுக்குப் போய் எரிகிறது. குப்பைமேடு எந்த ஊரில் அக்கிரகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது? புகை யார் வீட்டுக்குள் போகிறது? ஆக, பாட்டில் ஒழிந்தால் முதலில் மூச்சு விடப்போவதும் நாம்தான். எப்படி ஒழிப்பது என்பதில்தான் சண்டை.

பள்ளிக்கூடத்தில் தண்ணி என்றைக்குமே வெறும் தண்ணியாக இருந்ததில்லை. அம்பேத்கர் சதாராவில் படித்த பள்ளியில் குழாய் இருந்தது. அவர் தாகத்துக்கு அதைத் திறந்துவிடத் ‘தீண்டத்தக்க’ ஒருவர் வேண்டியிருந்தது. அந்த வேலை பியூனுடையது. பியூன் வராத நாளில் தண்ணி கிடையாது. ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற தன்வரலாற்றுக் குறிப்பில் இதை எழுதியிருக்கிறார். 1923இல் பம்பாய் சட்டமன்றம் பொதுக்குளம், கிணறுகளை எல்லாருக்கும் திறந்துவிடச் சொல்லித் தீர்மானம் போட்டது. 1927 மார்ச் 20 அன்று மகாத் சவுதார் குளத்தில் அம்பேத்கர் தலைமையில் நம் மக்கள் இறங்கித் தண்ணி குடித்தார்கள். சாதி இந்துக்கள் 108 குடம் சாணம், கோமியம், பால், தயிர் ஊற்றிக் குளத்தைச் ‘சுத்தம்’ செய்தார்கள். உயர்நீதிமன்றத் தீர்ப்பு நம் பக்கம் வந்தது 1937இல். ஒரு கை தண்ணிக்குப் பத்து வருஷம். இங்கே சென்னை சட்டமன்றத்திலும் 1924இல் இரட்டைமலை சீனிவாசன் பொதுச்சாலை, பொதுக்கிணறுகளில் நம் உரிமைக்காகத் தீர்மானம் கொண்டுவந்தார்.

நான் பள்ளியில் படித்தது 2000க்குப் பிறகு. பள்ளியின் பெயர் வேண்டாம். வராந்தாவில் ஒரு டிரம், சங்கிலி போட்ட ஒரு டம்ளர். எங்களை யாரும் ‘தொடாதே’ன்னு சொன்னதில்லை. வகுப்பு லீடர் மொண்டு ஊத்துவான், நாங்க ரெண்டு கையையும் குவிச்சுக் குடிப்போம். மத்தவங்க அவங்களே மொண்டு குடிப்பாங்க. இது எந்தப் பலகையிலும் எழுதப்படவில்லை. எல்லாருக்கும் தெரிஞ்சிருந்தது. பிறகு ஆளாளுக்கு வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவரத் தொடங்கினார்கள். டிரம்மை எடுத்துவிட்டார்கள். “பாத்தியா, இப்ப எந்த வித்தியாசமும் இல்ல” என்றார் ஒரு வாத்தியார். வித்தியாசம் பைக்குள் போய்விட்டது, அவ்வளவுதான். என் பாட்டிலை எவனும் வாங்கிக் குடிக்கவில்லை. அவன் பாட்டிலை நான் கேட்டால், “வாய் வைக்காம தூக்கிக் குடிடா” என்பான்.

டீக்கடையிலும் இதே கதைதான். இரட்டைக் குவளைக்கு எதிராகப் போராடினோம், வழக்குப் போட்டோம். பல இடங்களில் கடைக்காரன் என்ன செய்தான்? நமக்கு மட்டும் தூக்கியெறியும் கப் வாங்கி வைத்தான். கழுவ வேண்டாம், தொட வேண்டாம், வழக்கும் வராது. தூக்கியெறியும் பொருள் சாதிக்கு ரொம்ப வசதியான பொருள் என்பதைச் சுற்றுச்சூழல்காரர்கள் இன்னும் எழுதவில்லை. நாம்தான் எழுத வேண்டும்.

சட்டம் என்ன செய்தது? 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. தண்ணி பாக்கெட் அந்தப் பட்டியலில் இருந்தது. கூலிக்காரனும் பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் சில்லறைக்கு வாங்கிக் குடித்தது அது. பெரிய கம்பெனிகளின் பெட் பாட்டில் பட்டியலில் இல்லை. 2022 ஜூலை 1 முதல் ஒன்றிய அரசு நாடு முழுக்கத் தடைசெய்த 19 பொருட்களிலும் இல்லை. 2013இல் தமிழக அரசே பத்து ரூபாய்க்கு ‘அம்மா குடிநீர்’ என்று பாட்டிலில் அடைத்து விற்றது. பஸ் ஸ்டாண்டில் ஒரு நல்ல குழாய் போடுவதைவிட அது சுலபமாக இருந்திருக்கிறது. 2016 பிளாஸ்டிக் கழிவு விதிகளின்படி பிளாஸ்டிக்கைச் சந்தைக்குக் கொண்டுவருகிறவன்தான் அதைத் திரும்ப எடுக்கவும் பொறுப்பு. அந்தப் பொறுப்பைக் கம்பெனி வாசலில் போய்க் கேட்காமல், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம் உறுதிமொழி வாங்குகிறார்கள். 2022இல் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் என்று ஏற்பாடு செய்ய முடிந்த அரசுக்குத் தண்ணி பாட்டிலுக்கு அப்படி ஒன்றைச் செய்யக் கை வரவில்லை.

நம் வீட்டு அம்மாக்கள் பாட்டிலில் தண்ணி பிடித்துக் கொடுத்து அனுப்புவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. 2022 ஆகஸ்டில் ராஜஸ்தானின் ஜாலோர் மாவட்டத்தில் ஒன்பது வயது தலித் சிறுவன் செத்துப்போனான். பள்ளியில் ஆசிரியரின் தண்ணிப் பானையைத் தொட்டதற்காக அடித்தார் என்று குடும்பம் சொன்னது. நாடு சுதந்திரத்தின் 75 ஆண்டு நிறைவைக் கொண்டாடிக்கொண்டிருந்த வாரம் அது. அதே ஆண்டு டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், நம் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம். முதலில் நோயில் விழுந்தது குழந்தைகள். இரண்டு வருஷம் கழித்து, 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. குற்றப்பத்திரிகை போட்டது, பாதிக்கப்பட்ட மக்களில் மூன்று பேர் மேலேயே. மக்களும் இயக்கங்களும் அதை ஏற்கவில்லை. இதையெல்லாம் டிவியில் பார்த்த ஒரு தாய், பொதுத்தொட்டியை நம்பிப் பிள்ளையை எப்படி அனுப்புவாள்? அவளுக்கு அந்த நசுங்கின பாட்டில் ஒரு பாதுகாப்பு. அதைப் பிடுங்குகிறவர்கள் முதலில் அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லட்டும்.

இது நம் நாட்டுக் கதை மட்டுமில்லை. அமெரிக்கத் தென்மாநிலங்களில் 1960கள் வரைக்கும் வெள்ளையருக்கு ஒரு குடிநீர்க் குழாய், கறுப்பருக்கு ஒரு குழாய். 1964 குடியுரிமைச் சட்டம் அதற்கு முடிவு கட்டியது. ஐம்பது வருஷம் கழித்து, கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஃபிளின்ட் நகரத்தில் செலவைக் குறைக்கிறோம் என்று 2014இல் தண்ணி எடுக்கும் ஆற்றை மாற்றினார்கள். பழைய குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து குழந்தைகளின் ரத்தத்தில் ஏறியது. பள்ளிக்கூடக் குழாய்களை மூடினார்கள். பிள்ளைகள் வருஷக்கணக்கில் பாட்டில் தண்ணி குடித்தார்கள். குழாய் செத்தால் ஒடுக்கப்பட்டவன் பாட்டிலுக்கு அடிமை. அந்த ஊரில் போய் ‘பிளாஸ்டிக்கைக் குறையுங்கள்’ என்று பாடம் நடத்த முடியுமா?

மாறாக நடந்த இடங்களும் உண்டு. ஆஸ்திரேலியாவில் பண்டனூன் என்கிற சின்ன ஊர். 2009இல் ஊர் கூடி, பாட்டில் தண்ணி விற்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். கூடவே தெருவில் யாரும் இலவசமாகப் பிடித்துக்கொள்ள வடிகட்டிய தண்ணிக் குழாய் வைத்தார்கள். நம் நீலகிரியில் 2019இல் சின்ன தண்ணி பாட்டில்களைத் தடுத்தபோது, பல இடங்களில் தண்ணி ஏடிஎம் வைத்தார்கள். அங்கெல்லாம் பாட்டிலை எடுத்த கை மாற்றையும் வைத்தது. நம் பள்ளிக்கூடங்களில் முதல் பாதி மட்டும் நடக்கப் பார்க்கிறது.

சட்டம் நம் கையில் இல்லாமல் இல்லை. 2009 கல்வி உரிமைச் சட்டம் எல்லாப் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பான, போதுமான குடிநீர் இருக்க வேண்டும் என்கிறது. அது எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆனால் 2012 அக்டோபரில் உச்சநீதிமன்றம் அரசு, தனியார் என்று பார்க்காமல் எல்லாப் பள்ளிகளிலும் ஆறு மாதத்துக்குள் குடிநீரும் கழிப்பறையும் இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ஒன்பதாவது, பத்தாவது, பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அதுதான் பிடி. தண்ணிக் குழாயில் நம்மைத் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தப்படி குற்றம். 2025 ஜூனில் பள்ளிகளில் தண்ணி குடிக்க மணி அடிக்கச் சொன்னார்கள். நல்ல காரியம். மணி அடித்ததும் பிள்ளை எந்தத் தண்ணியைக் குடிக்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்போம்.

ஒன்றை இப்போதே சொல்லிவைக்கிறேன். ‘பிளாஸ்டிக் ஒழிப்பு’ என்று பிள்ளைகளை விட்டு பாட்டில் பொறுக்கச் சொல்வார்கள். யார் பிள்ளையைக் கூப்பிடுவார்கள் என்று நமக்குத் தெரியும். 2022 டிசம்பரில் பெருந்துறை பாலக்கரைப் பள்ளியில் தலித் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததாகத் தலைமையாசிரியை கைதானார். மலத்துக்கு ஒரு சாதி, குப்பைக்கு ஒரு சாதி என்று வைத்திருக்கிற சமூகத்தில் ‘தூய்மை’ என்ற சொல் வரும்போதெல்லாம் நாம் விழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

மாணவத் தோழர்களே, போளூரிலோ ஆரணியிலோ உங்கள் பள்ளியிலிருந்தே தொடங்கலாம். எத்தனை பிள்ளைகள், எத்தனை குழாய், அதில் எத்தனையில் தண்ணி வருகிறது என்று எண்ணுங்கள். தொட்டியைக் கடைசியாகக் கழுவிய தேதியைச் சுவரில் எழுதச் சொல்லுங்கள். தொட்டிக்கு மூடியும் பூட்டும் கேளுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் சோதனைக்கூடத்துக்குத் தண்ணியை அனுப்பி, முடிவை அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நம் பெற்றோர் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரட்டும்.

பாட்டில் தடை மேலிருந்து கீழே வரட்டும். முதலில் விழா மேடை: பிளாஸ்டிக் ஒழிப்பு விழாவிலேயே சிறப்பு விருந்தினர் முன்னால் ஆளுக்கொரு பாட்டில் வைக்கிற கூத்து நிற்கட்டும். பிறகு ஆசிரியர் அறை. அங்கே இருக்கும் கேன் தண்ணியை எடுத்துவிட்டு, பிள்ளைகள் குடிக்கிற அதே குழாயில் வாத்தியார்களும் குடிக்கட்டும். ஒரே மாதத்தில் அந்தக் குழாய் சரியாகிவிடும், பந்தயம் வைக்கிறேன். புத்தகம், பை, செருப்பு, சைக்கிள் கொடுக்கிற அரசு, கூடவே ஒரு எவர்சில்வர் பாட்டிலும் கொடுக்கட்டும். எல்லாருக்கும் ஒரே மாதிரி. கையில் சாதிக்கயிறு கட்டிக்கொண்டு வருகிற பள்ளிக்கூடத்தில், கையில் இருக்கும் பாட்டிலாவது ஒன்றாக இருக்கட்டும். அது வரும்வரை எந்தப் பிள்ளையின் பழைய பாட்டிலையும் யாரும் பிடுங்கக்கூடாது, வாசலில் நிற்கவைத்துத் திட்டக்கூடாது. குப்பையை எடுக்கக் கூலி கொடுத்து, கையுறை கொடுத்து ஆள் போடட்டும். எந்தப் பிள்ளையும் பொறுக்கக்கூடாது.

இவ்வளவும் செய்துவிட்டு வந்து தடை போடுங்கள். அந்த நசுங்கின பாட்டிலைத் தூக்கிப் போட நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அதுவரை வாசலில் மாட்டிய போர்டுக்குப் பக்கத்தில் இன்னொரு போர்டு மாட்டச் சொல்லுங்கள்: இந்தப் பள்ளியில் எல்லாரும் ஒரே குழாயில் குடிக்கிறார்கள் என்று. மாட்டத் தயங்குகிற பள்ளி எதுவோ, நம் வேலை அங்கேதான் இருக்கிறது.